பார்த் கொன்றது எந்த ஆசிரியனை?

நீங்கள் கேட்டிருப்பது இது: "முதுகலை இலக்கியம் படிக்கிறேன். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் எழுதிய 'ஆசிரியனின் மரணம்' எங்களுக்குப் பாடம். கிட்டத்தட்ட அறுபது வருடத்துக்கு முந்தைய கட்டுரையை இன்னும் ஏன் படிக்க வேண்டும்? ஆசிரியன் இறந்துவிட்டான் என்றால் நான் என்ன பொருள் சொன்னாலும் சரிதானே? பிறகு ஏன் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்?" பார்வைக்கு மூன்று கேள்விகள். எனக்கு இதில் ஒரே கேள்விதான் கேட்கிறது. படிக்கிறவனுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது, அந்த உரிமைக்கு வரம்பு கட்டுவது யார்? மதிப்பெண் கோபத்தை ஒதுக்கிவிட்டு இதற்குப் பதில் சொல்கிறேன். கோபம் நியாயமானதாகவும் இருக்கலாம்; உங்கள் விடைத்தாளை நான் பார்க்கவில்லை.

புதுச்சேரியில் இருபத்து மூன்று வருடம் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தவன் நான். பார்த்தை பிரெஞ்சிலேயே படித்தேன், வகுப்பில் வரிவரியாக நடத்தினேன். இலக்கியம், விளம்பரம், புகைப்படம் ஆகிய மூன்றில் அவருடைய கருத்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்ல முடியும். இசையைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் அவர் நிறைய எழுதியிருக்கிறார். அது என் துறை இல்லை, அதைத் தொடப்போவதில்லை. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: கடைசி 'எஸ்' பிரெஞ்சில் ஒலிக்காது. தமிழில் 'பார்த்ஸ்' என்று அச்சாகியிருந்தாலும் அது இவர்தான்.

முதலில், இறந்துபோன அந்த ஆசிரியன் யார் என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் கட்டுரையை நடத்துவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் இலக்கியம் நெடுங்காலம் 'மனிதனும் படைப்பும்' என்ற ஒரே சட்டத்துக்குள் நடத்தப்பட்டது. முதலில் வாழ்க்கைக் குறிப்பு: எங்கே பிறந்தார், யாரைக் காதலித்தார், எப்போது கடன்பட்டார். பிறகு படைப்பு. படைப்பில் எது புரியவில்லையோ அதற்கான சாவி வாழ்க்கையில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு விமர்சகர் சேன்த்-பெவ் போட்ட பாதை அது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் அதை எதிர்த்து எழுதினார். நூலை எழுதுகிற 'நான்' வேறு, விருந்தில் உட்கார்ந்து பேசுகிற 'நான்' வேறு என்றார். புரூஸ்த் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1954-ல்தான் அந்த எழுத்து நூலாக வந்தது. நம் பள்ளித் தேர்வில் 'ஆசிரியர் குறிப்பு வரைக', 'கவிஞர் இப்பாடலில் கூற விரும்புவது யாது' என்று வரும் வினாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். கவிஞர் கூற விரும்பியது ஒன்றே ஒன்று, அது பாடம் நடத்துகிறவருக்குத் தெரியும், மாணவன் அதைக் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்ற நினைப்புதான் அந்த வினாக்களுக்கு அடியில் இருக்கிறது. பார்த் கொன்றது அந்த நினைப்பை. நாவலாசிரியர்களான பால்சாக்கையோ புரூஸ்த்தையோ அவர் தொடவில்லை.

அவருக்கு இந்தச் சண்டை ஏன் வந்தது என்பதற்கு வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது. (ஆசிரியனின் வாழ்க்கை வேண்டாம் என்றவரைப் பற்றி அவர் வாழ்க்கையை வைத்துப் பேசுகிறேனே என்று கேட்பீர்கள். அந்த இடத்துக்குப் பின்னால் வருகிறேன்.) 1915-ல் ஷெர்பூர் துறைமுகத்தில் பிறந்தவர். ஒரு வயது நிறைவதற்குள் கடற்படை அதிகாரியான தந்தை போரில் இறந்தார். 1934-ல் காசநோய் பிடித்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் நோயும் சானடோரியமுமாகக் கழிந்ததால், பிரெஞ்சுப் பேராசிரியர்கள் ஏறிவரும் தேர்வுப் படிக்கட்டில் அவர் ஏறவே இல்லை. புக்காரெஸ்ட், அலெக்சாந்திரியா என்று வெளியூர்களில் வேலை பார்த்துவிட்டு, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தபடி எழுதினார். 1963-ல் ராசீனின் நாடகங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ராசீன் ஆய்வில் பெரிய பெயரான சோர்போன் பேராசிரியர் ரேமோன் பிக்கார் 1965-ல் அதை மோசடி என்றே தாக்கினார். மறு ஆண்டு பார்த் பதில் எழுதினார். ஆக 1967-ல் 'ஆசிரியனின் மரணம்' வந்தபோது அது திடீரென்று முளைத்த கோஷம் இல்லை, பல வருடமாக நடந்துகொண்டிருந்த வழக்கில் ஒரு வாதம்.

இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டும். இந்தக் கட்டுரை 1968 மே மாத மாணவர் கிளர்ச்சியின் குழந்தை என்று பல உரைநூல்களில் வருகிறது. முதலில் அது அச்சானது 1967-ல், ஆங்கில மொழிபெயர்ப்பில், அமெரிக்காவின் 'ஆஸ்பென்' இதழில். இதழ் என்றால் தைத்த புத்தகம் இல்லை, ஒரு பெட்டி. உள்ளே சிறு நூல்கள், இசைத்தட்டு, படச்சுருள் எல்லாம் தனித்தனியாக இருக்கும், எதை முதலில் எடுப்பது என்பது வாசகர் விருப்பம். பிரெஞ்சில் 'மான்தெயா' என்ற சிற்றிதழில் 1968-ல் வந்தது. ஆகவே கிளர்ச்சி அதைப் பெற்றெடுக்கவில்லை. கிளர்ச்சியின் சூடு அதைப் பரப்ப உதவியிருக்கும் என்பது பொருத்தமான ஊகம், அவ்வளவுதான் சொல்லலாம்.

கட்டுரை ஒரு வாக்கியத்தோடு தொடங்குகிறது. பால்சாக் 1830-ல் எழுதிய 'சராசீன்' கதையிலிருந்து எடுத்தது. சராசீன் ஓர் இளம் சிற்பி. ரோமில் சாம்பினெல்லா என்ற பாடகியைக் கண்டு மயங்குகிறான். சாம்பினெல்லா உண்மையில் விதை நீக்கப்பட்ட ஆண் பாடகர் என்பது ரோமுக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. சாம்பினெல்லாவைப் பற்றிக் கதையில் ஓரிடத்தில் இப்படி வருகிறது: திடீர் அச்சங்களும் காரணமில்லாத மனமாற்றங்களும் இயல்பான கலக்கங்களும் இனிய நுண்ணுணர்வுமாக, பெண்ணென்றால் இதுதான் பெண். பார்த் கேட்பது ஒன்றே: இதைச் சொல்வது யார்? ஏமாந்திருக்கும் சிற்பியா? பெண்களோடு பழகிய பால்சாக் என்ற மனிதரா? பெண்மையைப் பற்றி 'இலக்கியத் தரமான' கருத்துகள் வைத்திருக்கும் பால்சாக் என்ற ஆசிரியரா? ஊர் உலகம் சொல்லும் பழமொழியா? அந்தக் காலத்து உளவியலா? தீர்த்துச் சொல்ல முடியாது என்கிறார். எழுத்து என்பது பேசியவரின் குரலும் அடையாளமும் கரைந்துபோகும் இடம்.

இதை வகுப்பில் தமிழில் விளக்கப் போய்த்தான் எனக்கே இதன் ஆழம் தெரிந்தது. பிரெஞ்சில் 'பாடினாள்', 'பாடினான்' இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றேதான். பால் தெரிவது எழுவாயிலும் பெயரடைகளிலும். தமிழில் ஒவ்வொரு வினைமுற்றின் வாலிலும் பால் உட்கார்ந்திருக்கிறது. கதையை மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்க்க உட்கார்ந்த முதல் நாளே ஒரு மாணவி கேட்டார்: "சாம்பினெல்லா பாடினாளா, பாடினானா சார்?" 'பாடினாள்' என்று எழுதினால் சிற்பியின் ஏமாற்றத்தில் நாமும் பங்குகொள்கிறோம். 'பாடினான்' என்று எழுதினால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அவரே வழி சொன்னார்: "'பாடினார்'னு போட்டுடலாமா?" மரியாதை விகுதி இரண்டு பாலையும் மறைத்துவிடுகிறது. ஆனால் காதலில் கிறங்கிக் கிடக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் தன் காதலியை 'அவர்' என்பானா? அந்த 'ஆர்' விகுதி யாருடைய குரல்? சிற்பியுடையதா, கதைசொல்லியுடையதா, மொழிபெயர்க்கிற எங்களுடையதா? பார்த்தின் கேள்வி அன்று எங்கள் மேசை மேல் வந்து உட்கார்ந்தது. 1977 ஜனவரி 7 அன்று கொலேழ் து பிரான்ஸ் என்ற பாரிஸ் உயர்கல்வி நிறுவனத்தில் ஆற்றிய தொடக்க உரையில் அவர் மொழியை பாசிசம் என்றார். அந்தச் சொல்லை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், அவர் கொடுத்த காரணத்தை விட்டுவிட்டார்கள். பாசிசம் என்பது பேசவிடாமல் தடுப்பது இல்லை, இப்படித்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது என்றார். ஆண்பால், பெண்பால் இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தே ஆக வேண்டும். எதிரில் இருப்பவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். மொழி அதற்கு மேல் விடாது. தமிழில் பேசி வளர்ந்தவர்களுக்கு இதை உரை போட்டு விளக்க வேண்டியதே இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: ஆசிரியன் இல்லையென்றால் எந்தப் பொருளும் சரிதானா? இல்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன். ரேம்போவின் 'பள்ளத்தாக்கில் உறங்குபவன்' கவிதையை ஒருமுறை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். பதினான்கு வரிகள், எழுதியபோது ரேம்போவுக்கு ஏறக்குறைய பதினாறு வயது. ஓடை சலசலக்கும் பச்சைப் பள்ளத்தாக்கு. இளம் சிப்பாய் ஒருவன் வாய் திறந்தபடி, தலை கீரைப் படுகையில் நனைய, கால்கள் பூக்களுக்குள், நெஞ்சில் கை வைத்து, நோயுற்ற குழந்தை சிரிப்பதுபோல் சிரித்தபடி தூங்குகிறான். வலது விலாவில் இரண்டு சிவப்பு ஓட்டைகள் என்று கவிதை முடிகிறது. ஒரு மாணவர், அவன் குடித்துவிட்டு உறங்குகிறான், சிவப்பு என்பது சட்டையில் சிந்திய ஒயின் என்று எழுதி, கீழே 'ஆசிரியன் இறந்துவிட்டான், வாசகன் பிறந்துவிட்டான்' என்று பார்த்தை மேற்கோள் காட்டியிருந்தார். அவரை நான் ரேம்போவின் வாழ்க்கைக் குறிப்புக்கு அனுப்பவில்லை. கவிதைக்குள்ளேயே திருப்பி அனுப்பினேன். முகம் வெளுத்திருக்கிறது. அவனுக்குக் குளிர்கிறது. பூ மணத்துக்கு மூக்கு துடிக்கவில்லை. ஓட்டை என்ற சொல் இருக்கிறது, கறை என்ற சொல் இல்லை. பதினான்கு வரிகளும் சேர்ந்து அவருடைய விளக்கத்தைத் தள்ளுகின்றன. ஆசிரியன் இறந்தாலும் சொற்கள் சாகவில்லை, அவைதான் வரம்பு. பார்த் ஆசிரியனைப் போகச் சொன்னதே இந்தச் சொற்களை மெதுவாகப் பார்க்க இடம் வேண்டும் என்றுதான். 'சராசீன்' என்ற அந்தச் சின்னக் கதையை அவர் 'எஸ்/இசட்' நூலில் (1970) 561 துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். இரண்டு ஆண்டு வாரந்தோறும் அதைக் கருத்தரங்கில் நடத்தினார். என்ன பொருள் சொன்னாலும் சரி என்று நினைக்கிறவர் அந்தப் பாடு படமாட்டார்.

அதே சமயம், கவிதைக்கு 1870 அக்டோபர் என்று தேதி போட்டிருக்கிறது என்றும், அது பிரான்சும் புருசியாவும் போரிட்ட ஆண்டு என்றும் பிறகு சொன்னபோது வகுப்பே ஒரு கணம் அமைதியானது. அந்தச் செய்தி கவிதைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை என்று நான் வாதாட மாட்டேன். கடுமையான பார்த் பக்தர்களோடு நான் வேறுபடும் இடம் இது. வெளிச் செய்தி சாவி ஆகாது; ஆனால் கூடுதல் விளக்காக இருக்கலாம்.

'டெக்ஸ்ட்' (தமிழில் 'பிரதி') என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. இலத்தீனில் அது நெய்ததைக் குறிக்கும். 1973-ல் வந்த 'பிரதி தரும் இன்பம்' நூலில் பார்த் இதை எடுத்துக்கொண்டு, பிரதியை முடிந்துபோன துணியாகப் பார்க்காமல் இன்னும் நெய்துகொண்டிருக்கும் செயலாகப் பாருங்கள் என்கிறார். தன் வலைக்குள்ளேயே கரைந்துபோகும் சிலந்திபோல எழுதுகிறவன் அதில் கரைகிறான் என்கிறார். நன்னூல் பாயிரம் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே சொல் பஞ்சு, பனுவல் (செய்யுள்) இழை, வாய் கை, மதி கதிர். புலவன் நூற்கிற பெண். உவமை ஒன்றேபோல் இருக்கிறது, முடிவு வேறு. நன்னூலார் நூற்கிறவளைப் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறார். பார்த்தின் சிலந்தியோ வலையில் இல்லாமல் போய்விடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே நீங்கள் நல்ல ஆய்வேடு எழுதலாம்.

இனி, எது நிலைத்தது? என் அனுபவத்தில், நீங்கள் படிக்கும் கட்டுரையைவிட ஆழமாக வேர்விட்டது அதற்குப் பத்து ஆண்டுக்கு முன் வந்த 'மித்தோலொழி' (தொன்மங்கள்) நூல். மல்யுத்தம், சலவைத்தூள், வறுத்த உருளைக்கிழங்கோடு மாட்டிறைச்சி, பிளாஸ்டிக், சித்ரோவன் கார் என்று அன்றாடப் பொருள்களைப் பற்றி 1954 முதல் 1956 வரை எழுதிய ஐம்பத்து மூன்று சிறு கட்டுரைகளும், கடைசியில் ஒரு நீண்ட கோட்பாட்டுக் கட்டுரையும். அதில் ஓர் எடுத்துக்காட்டு: முடிதிருத்தகத்தில் யாரோ கையில் கொடுத்த 'பாரி மாட்ச்' இதழின் அட்டையில், பிரெஞ்சுச் சீருடை அணிந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் நிமிர்ந்து வணக்கம் வைக்கிறான். படம் சொல்வது அவ்வளவுதான். ஆனால் அதற்கு மேல் இன்னொன்றையும் சொல்கிறது: பிரான்ஸ் பெரிய பேரரசு, எந்த நிறத்துப் பிள்ளையும் அதன் கொடிக்கு மனமார ஊழியம் செய்கிறான். ஆண்டு 1955. முந்தைய ஆண்டுதான் இந்தோசீனாவில் தியன் பியன் ஃபூவில் பிரான்ஸ் தோற்றது, அல்ஜீரியாவில் போர் தொடங்கியது. இரண்டாவது செய்தியை அட்டை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வருவார்கள். படமாக இருப்பதால் அது சொல்லாமலே விளங்கும் உண்மைபோல் உள்ளே போய்விடுகிறது. வரலாறு செய்த ஒன்றை இயற்கைபோல் காட்டுவது, இதைத்தான் பார்த் தொன்மம் என்றார்.

1964-ல் பன்சானி என்ற பாஸ்தா நிறுவனத்தின் விளம்பரத்தை எடுத்து அலசினார். சிவப்புப் பின்னணியில் வாய் திறந்த வலைப்பை. அதிலிருந்து பாஸ்தாப் பொட்டலம், தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் சரிந்து விழுகின்றன. திறந்த பை சந்தையிலிருந்து இப்போதுதான் வந்ததைச் சொல்கிறது. சிவப்பு, பச்சை, மஞ்சளும் அந்தப் பெயரின் ஒலியும் இத்தாலியை அல்ல, 'இத்தாலித்தனத்தை'ச் சொல்கின்றன. அந்த இத்தாலித்தனம் பிரெஞ்சுக்காரர் கண்ணுக்குத்தான் தெரியும், இத்தாலியர் கண்ணில் படாது என்று பார்த் எழுதிய வரி எனக்கு மிகவும் பிடிக்கும்.

வகுப்பில் இதற்குப் பதிலாக ஒரு சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தை மேசையில் வைப்பேன். அட்டையில் மண்சட்டி, அம்மி, கொண்டையில் மல்லிகைச் சரம் வைத்துச் சிரிக்கும் ஒரு பாட்டி. ஆலையில் எஃகு இயந்திரம் அரைத்த பொடி அது. அட்டையில் இயந்திரம் இல்லை. வேலை இல்லாத, வியர்வை இல்லாத, வயது மட்டும் இருக்கிற ஒரு பாட்டிதான் இருக்கிறார். "எங்க பாட்டி அம்மியில அரைக்கும்போது சிரிச்சு நான் பார்த்ததே இல்ல சார், தோள்வலின்னு அழும்" என்று ஒரு மாணவி சொன்னார். அன்று அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. பார்த் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட இன்று விளம்பரத்தையும் செய்திப் படத்தையும் தேர்தல் சுவரொட்டியையும் இப்படிப் படிக்கிறார்கள். பர்மிங்ஹாமில் ஸ்டுவர்ட் ஹால் வளர்த்த பண்பாட்டு ஆய்வுகளும் இதழியல் பள்ளிகளின் படப் பகுப்பாய்வும் இந்த வேரிலிருந்து சத்து எடுத்தவை. இந்தத் தாக்கம் உறுதியானது, நூல்களில் தடம் பிடித்துக் காட்டலாம். இணையத்தில் ரசிகர்கள் ஒரு படத்துக்கோ தொடருக்கோ தாங்களே புதிய விளக்கம் சொல்லும்போது 'ஆசிரியன் செத்தாச்சு' என்கிறார்களே, அது பார்த்திடமிருந்து வந்ததா என்று கேட்டால், சொல் அவருடையது. பழக்கம் அவருக்கும் முந்தையது. ரசிகர்கள் எந்தக் காலத்திலும் கதையைத் தங்கள் விருப்பத்துக்கு வளைத்தவர்கள்தான்.

நிலைக்காததும் உண்டு. 'எஸ்/இசட்'டில் அவர் வகுத்த ஐந்து குறிமுறைகளை (வாசகர் கதையில் பொருள் கொள்ளும் ஐந்து வழிகளை) இன்று வேறு கதைகளுக்குப் பொருத்திப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. என் மாணவர்களைப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். அட்டவணை நிரம்பும், கதை காணாமல் போகும். எல்லாக் கதைகளுக்கும் ஒரே இலக்கணம் கண்டுவிடலாம் என்று 1966-ல் எழுதியதை 'எஸ்/இசட்'டின் முதல் பக்கத்திலேயே அவர் கைவிட்டார். குறியியலை, அதாவது அடையாளங்கள் எப்படிப் பொருள் தருகின்றன என்ற ஆய்வை, முழு அறிவியலாக்கும் ஆசையையும் பின்னால் விட்டார். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். தான் கட்டிய வீடு தனக்குப் போதவில்லை என்று தெரிந்ததும் இறங்கிப் போகத் துணிந்தவர் அவர்.

எதிர்வாதங்களில் இரண்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று சட்டம் சார்ந்தது. 1857-ல் 'மதாம் பொவாரி' நாவலுக்காக அதை எழுதிய ஃப்ளோபேரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நாயகி பொவாரியின் மனத்துக்குள் ஓடுவதைக் கதைசொல்லி மேற்கோள் குறி போடாமல் சொல்லிக்கொண்டு போகிறார். இந்தப் பெண்ணைக் கண்டிக்கிற குரல் இந்த நூலில் எங்கே என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். பார்த்தின் 'யார் பேசுவது' என்ற கேள்வி நூறு ஆண்டுக்கு முன்பே குற்றக் கூண்டில் கேட்கப்பட்டிருக்கிறது. ஃப்ளோபேர் விடுதலையானார். அதே ஆண்டு கவிஞர் போதலேர் தண்டம் கட்டினார், அவருடைய ஆறு கவிதைகள் தடைசெய்யப்பட்டன. தண்டம் கட்டுவது குரல் இல்லை, ஆள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1969 பிப்ரவரியில் 'ஆசிரியன் என்பது யாது' என்ற உரையில் இதைத் தொட்டார்: எழுத்துக்காகத் தண்டிக்க முடியும் என்ற நிலை வந்தபோதுதான் எழுத்துக்கு உடைமையாளனாக ஆசிரியன் வந்தான். எழுதியவரைச் சிறையில் வைத்திருக்கும் ஒரு நாட்டில் 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று நாம் வகுப்பில் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

இரண்டாவது பெண்ணியவாதிகளுடையது, அமெரிக்க விமர்சகர் நான்சி மில்லர் 1980-களில் இதைத் தெளிவாக முன்வைத்தார். இத்தனை காலம் ஆசிரியராக இருக்கவே விடப்படாத பெண்கள் இப்போதுதான் தங்கள் பெயரில் எழுதுகிறார்கள். அவர்களிடம் போய் ஆசிரியர் என்ற இடமே காலி என்றால் என்ன நியாயம்? தமிழில் ஒரு தலித் தன்வரலாற்றைப் படிக்கும்போது இந்த வாதத்தின் எடை தெரியும். 'இதைச் சொல்வது யார்' என்ற கேள்விக்கு அங்கே 'நான்தான்' என்று பதில் வருகிறது. அந்தப் பதிலே அந்த நூலின் செயல். பார்த் மனத்தில் வைத்திருந்தது பால்சாக்கைப்போல் ஏற்கெனவே சிம்மாசனத்தில் இருந்தவர்களை. சிம்மாசனம் ஏறாதவர்களுக்கு அந்தக் கட்டுரையை அப்படியே நீட்டுவது தவறு என்பது என் தீர்மானம்.

பார்த்தே அங்கே நிற்கவில்லை என்பதை உங்கள் பாடத்திட்டம் சொல்லாமல் விட்டிருக்கும். 1971-லேயே, தான் இறந்தபின் அன்புள்ள ஒருவர் தன் வாழ்க்கையைச் சில சின்ன விவரங்களாக, சில ருசிகளாகச் சுருக்கினால் நன்றாயிருக்கும் என்று எழுதினார். 'பிரதி தரும் இன்பம்' நூலில், நிறுவனமாக ஆசிரியன் இறந்துவிட்டான், ஆனாலும் பிரதிக்குள் ஒருவிதத்தில் எனக்கு ஆசிரியன் வேண்டியிருக்கிறான் என்றார். 1977 அக்டோபர் 25 அன்று தாயார் இறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதி அவரோடு இருந்தவர் பார்த். மறுநாளே துண்டுத்தாள்களில் துக்கக் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். அவை 2009-ல்தான் நூலாயின. தாயாரின் பழைய படங்களைப் புரட்டும்போது, 1898-ல் ஐந்து வயதுச் சிறுமியாகக் கண்ணாடிக் கூரை வேய்ந்த ஒரு தோட்ட அறையில் தாயார் நிற்கும் படம் கிடைக்கிறது. அதில்தான் தன் தாயைக் கண்டுகொண்டதாக எழுதுகிறார். 1980-ல் வந்த 'ஒளி அறை' நூலின் இரண்டாம் பாதி அந்தப் படத்தைச் சுற்றியது. நூலில் வேறு பல படங்கள் அச்சாகியிருக்கின்றன, அந்த ஒன்று மட்டும் இல்லை. உங்களுக்கு அது ஏதோ ஒரு சாதாரணப் படம், அதில் உங்களுக்குக் காயம் இல்லை என்கிறார். படத்தின் பொதுச் செய்தியை 'ஸ்டூடியம்' என்றும், நம்மை மட்டும் வந்து குத்தும் சின்ன விவரத்தை 'புங்க்தும்' என்றும் அவர் பிரித்தது இன்று புகைப்படக்காரர்களின் அன்றாடப் பேச்சாகிவிட்டது. நூல் வெளிவந்த சில வாரங்களில், பிப்ரவரி 25 அன்று, பாரிஸின் ரு தே ஸேகோல் தெருவைக் கடக்கும்போது சலவைக்கடை வண்டி ஒன்று மோதி, மார்ச் 26 அன்று மருத்துவமனையில் இறந்தார். அவருடைய வாழ்க்கையை வைத்து நான் பேசியதற்கு இதுதான் என் சமாதானம்: கடைசிக் காலத்தில் அந்தக் கதவை அவரே திறந்து வைத்தார்.

தமிழுக்கு இந்தக் கருத்துகள் 1980-களில் சிற்றிதழ்கள் வழியாகவும், 1982-ல் வந்த விமர்சகர் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' (அமைப்பியல்) போன்ற நூல்கள் வழியாகவும் வந்தன. அந்தச் சர்ச்சைகளில் 'டெக்ஸ்ட்' என்பதற்குப் 'பிரதி' நிலைத்துவிட்டது. நகல் என்றும் பொருள்படும் சொல் அது. எழுதுகிறவன் முன்பே எழுதப்பட்டவற்றைத்தான் கலந்து எழுதுகிறான் என்ற பார்த்தின் கலைச்சொல்லுக்குத் தமிழில் இப்படியொரு சொல் வாய்த்ததை நல்ல பொருத்தமாக நினைக்கிறேன். பேராசிரியர்கள் 'பனுவல்' என்பார்கள். பஞ்சும் இழையும் அதில் இருக்கிறது. தேர்வில் இரண்டில் எதை எழுதினாலும் தப்பில்லை.

தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தால், கட்டுரையை மூடி வைத்துவிட்டு முதலில் 'சராசீன்' கதையைப் படியுங்கள். ஒரு மாலையில் முடித்துவிடலாம்; 'எஸ்/இசட்' நூலின் பின்னிணைப்பாக அதைப் பார்த்தே முழுதாகக் கொடுத்திருக்கிறார். அந்த 'பெண்ணென்றால் இதுதான் பெண்' வாக்கியம் வரும்போது நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் உங்கள் தமிழில் எழுதிப் பாருங்கள். வினைமுற்றில் என்ன விகுதி போடுகிறீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள். எங்கள் வகுப்பு அந்த ஆண்டு முழுவதும் தீர்க்காமல் விட்ட வாக்கியம் அது.